ஆளி விதை எண்ணெய் மூக்கு ஒவ்வாமைக்கு உதவுமா? 12 வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

விடியற்காலையில் எழுந்ததும் தொடங்கும் அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணரிப்பு, நண்பகல் வரை நீங்காத மூக்கடைப்பு என்று பல ஆண்டுகளாக ஒவ்வாமையோடு வாழ்பவன் நான். அதற்கு நிவாரணம் தரும் என்று சொல்லி விற்கப்படும் செக்கு ஆளி விதை எண்ணெயை மார்கழி முதல் நாள் தொடங்கி மாசி முடியும் வரை, ஏறக்குறைய 12 வாரங்கள், நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் உட்கொண்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதித் தந்த ஃப்ளூட்டிக்கசோன் மூக்குத் தெளிப்பானை இந்தக் காலம் முழுவதும் நிறுத்தவில்லை, அளவையும் மாற்றவில்லை. கீழே எழுதுவதை அதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டுகிறேன்.

முதலில் வாங்கிய புட்டி வீணானது. இயற்கைப் பொருள் அங்காடி ஒன்றில், வெயில் படும் அலமாரியில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் புட்டியில் வைத்திருந்தார்கள். ஆட்டிய தேதி எங்கும் அச்சிடப்படவில்லை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தபோது, திருகில் வழிந்திருந்த எண்ணெய் மஞ்சள் பிசினாக இறுகியிருந்தது. மூக்கடைப்பு உள்ள எனக்கே எட்டுமளவுக்கு வார்னிஷ் வாடை அடித்தது. அந்த ஒப்புமை தற்செயலானதும் அன்று. ஓவியர்கள் வண்ணம் குழைப்பதற்கும் தச்சர்கள் மரத்துக்குப் பூசுவதற்கும் பயன்படுத்தும் லின்சீட் எண்ணெய் இதே விதையிலிருந்து வருவதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து இறுகிப் படலமாவது அதன் இயல்பு. ஓவியத்துக்கு வரமாக இருக்கும் அந்தக் குணம் உணவுக்குக் கேடு. ஆகவே ஆளி எண்ணெய் வாங்குகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்டிய தேதியையும் புட்டியின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்த இரண்டு புட்டிகளையும் நேராக ஒரு செக்குக் கூடத்திலேயே வாங்கினேன். பழுப்புக் கண்ணாடி, 250 மி.லி., ஆட்டி ஒரு வாரம்கூட ஆகாத சரக்கு. வந்ததும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நல்ல ஆளி எண்ணெய் தேன்நிறத்தில், முற்றிய கொட்டையை மென்றதுபோன்ற மணத்தோடு, நாக்கின் ஓரத்தில் இலேசான கசப்போடு இருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் அந்தக் கசப்பு கூடியதை உணர்ந்தேன். இதைத் தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது. சூடேறினால் விரைவில் புகைந்து கெட்டுவிடும். நல்லெண்ணெய்க்குப் பதிலாக இட்லிப் பொடியில் குழைத்துச் சாப்பிட்டதுதான் எனக்கு ஒத்துவந்த வழி. வெறும் கரண்டியில் விழுங்கிய நாட்களில் குமட்டியது.

இனி, இந்த எண்ணெயை மூக்கோடு சேர்த்துப் பேசுவதற்கு அடிப்படை உண்டா என்ற கேள்வி. உண்டு, அது அழகானதும்கூட. ஆளி எண்ணெயில் பாதிக்குமேல் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம். நம் சமையலறையிலுள்ள நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது மிகக் குறைவு. ஜப்பானின் ஒசாகா மாகாணத்தில் இயங்கும் தேசிய உயிர்மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சோயா எண்ணெய் கலந்த தீவனம் தின்ற எலிகளைவிட ஆளி எண்ணெய் கலந்த தீவனம் தின்ற எலிகளுக்கு மூக்கு ஒவ்வாமை தணிந்திருந்தது. உடலுக்குள் அந்த அமிலம் இ.பி.ஏ. என்னும் நீண்ட ஒமேகா-3 ஆக மாறுகிறது. அதிலிருந்து மூக்கிலுள்ள இயோசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் 15-எச்.இ.பி.இ. என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அந்தப் பொருள், ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கும் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுவதைத் தடுக்கிறது. தும்மலையும் அரிப்பையும் கிளப்புவது அந்த ஹிஸ்டமின்தான். இரத்தப் பரிசோதனைத் தாளில் “இயோசினோபில் கூடியிருக்கிறது” என்று படித்துக் கவலைப்பட்ட எவருக்கும், குற்றவாளி என்று நாம் கருதிய அதே அணு, வேறு கொழுப்பு கிடைத்தால் ஒவ்வாமையை அணைக்கும் பொருளையும் ஆக்குகிறது என்ற செய்தி வியப்பளிக்காமல் போகாது. அதைப் படித்துவிட்டுத்தான் நான் முதல் புட்டியை வாங்கினேன்.

ஆனால் அது எலி. ஆய்வுக்கூட எலியின் தீவனத்தில் கொழுப்பு முழுவதையும் ஒரே எண்ணெயாக மாற்றிவிடலாம். பலவகை எண்ணெயும் நெய்யும் சேரும் நம் சாப்பாட்டில் ஒரு கரண்டி அந்த இடத்தைப் பிடிக்காது. மேலும், மனித உடல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் மிகச் சிறு பங்கைத்தான் இ.பி.ஏ. ஆக மாற்றுகிறது. தாவரக் கொழுப்பு அமிலங்களின்மேல் இப்படி நம்பிக்கை வைப்பது முதல்முறையும் அன்று. காமா லினோலெனிக் அமிலம் என்னும் வேறொரு கொழுப்பு அமிலம் உள்ள, ஈவினிங் பிரிம்ரோஸ் என்னும் பூச்செடியின் விதை எண்ணெய், ஒவ்வாமையோடு தொடர்புடைய எக்சிமா என்னும் தோல் நோய்க்குப் பிரிட்டனில் உரிமம் பெற்ற மருந்தாகவே இருந்தது. பலன் போதிய அளவு நிறுவப்படவில்லை என்று 2002இல் அந்த உரிமம் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மதிப்பீடும், வாய்வழி உட்கொள்ளும் பிரிம்ரோஸ், போரேஜ் எண்ணெய்களால் எக்சிமாவுக்குப் பயனில்லை என்றே முடித்தது. ஆளி எண்ணெய்க்கும் அதே கதி நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரலாறு தெரிந்தவர் புட்டியின் ஒட்டுத்தாளைப் பொறுமையோடுதான் படிப்பார்.

என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். எண்ணெயைத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களும், பிறகு ஒவ்வொரு நாளும், எழுந்தது முதல் குளிக்கப் போகும் வரை போட்ட தும்மல்களை எண்ணி எழுதினேன். முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு காலைக்கு 14 அல்லது 15. மார்கழிப் பனியில் அது குறையவே இல்லை. சில நாட்கள் 20ஐயும் தாண்டியது. ஒன்பதாவது வாரத்திலிருந்து 8, 9 என்று இறங்கி அப்படியே நின்றது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் எட்டாவது வாரத்தில் என் மனைவி மெத்தை உறையையும் தலையணை உறைகளையும் 60 பாகை வெந்நீரில் துவைக்கத் தொடங்கியிருந்தாள். அந்த வெப்பத்தில், மூக்கு ஒவ்வாமையைத் தூண்டும் தூசிப் பூச்சிகள் மடிந்துவிடும். பனியும் அதே வாரங்களில்தான் விலகியது. ஆகவே இறங்கிய அந்த ஐந்தாறு தும்மல்களை எண்ணெயின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூக்கடைப்பில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தோல் வறட்சி குறைந்ததாகத் தோன்றியது. அதை நான் அளக்கவில்லை.

முதல் புட்டியின் ஒட்டுத்தாளில் “மூக்கு அலர்ஜி, சைனஸ் குணமாகும்” என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்பதை இந்தியாவின் 2018ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. எனக்கு உண்மையில் கோபம் வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான். ஏனென்றால் அதை நம்பித் தெளிப்பானையோ, ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரையோ நிறுத்திவிட்டால், இழப்பு புட்டிக்குக் கொடுத்த 420 ரூபாயோடு நிற்காது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். ஆளி விதையே ஒவ்வாமையாகும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

உணவு என்ற அளவில் செக்குக் கூடத்து எண்ணெய்க்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மூக்கு ஒவ்வாமைக்கான மருந்து என்ற அளவில் மதிப்பெண் கொடுக்கும் இடத்துக்கு அது இன்னும் வரவில்லை. புட்டி தீர்ந்த பிறகு மீண்டும் எண்ணெய் வாங்கவில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கிடைக்கும் ஏறக்குறைய அதே அளவு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 10 கிராம் ஆளி விதைப் பொடியிலும் இருக்கிறது. நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது, விலையும் குறைவு. முழு விதையாக விழுங்கினால் செரிக்காமலே வெளியேறிவிடும் என்பதால், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கிறோம். தும்மல் குறிப்பேட்டையும் தொடர்கிறேன்; அடுத்த மார்கழியில் எண்ணெய் இல்லாமல், வெந்நீரில் துவைத்த உறைகளோடு மட்டும் எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.