தினமும் வேதத்தோடு: வடசென்னை வீடுகளுக்கு எந்த வழி ஒத்துவரும்?

புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு சபைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தினமும் வேதம் வாசிக்கணும், ஜெபிக்கணும். எப்படி ஆரம்பிக்கிறது?" ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இதற்கு நாலைந்து பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. காலையில் போனுக்கு வரும் வசனம், ஒரே வருஷத்தில் வேதாகமம் முழுவதும், அதிகாலையில் தனித் தியானம், குடும்ப ஜெபம், தெருவில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டம். இவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவன், அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும்.

என் அளவுகோல் ஒன்றுதான். ஷிப்டு வேலை, ஒற்றை அறை வீடு, விடிவதற்கு முன்னால் தண்ணீர் பிடிப்பது, கடலுக்குப் போகும் அப்பா என்று ஓடுகிற குடும்பத்தில் இந்தப் பழக்கம் பிப்ரவரி தாண்டியும் நிற்குமா? நின்றால், விசுவாசத்தில் ஆளை வளர்க்குமா?

போனில் வரும் வசனம்

இருப்பதிலேயே எளிது இதுதான். ஒரு வசனம், ஒரு படம், இரண்டு நிமிடக் குரல் செய்தி. பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டுவிடலாம். இதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1728-ல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிறு ஊரில் சின்சென்டார்ஃப் பிரபு சபையாருக்கு நாளுக்கொரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார். சகோதரர்கள் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். 1731 முதல் வருஷம் முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகி வருகின்றன. ஆனால் அங்கே வசனத்தோடு ஒரு ஆளும் வாசலுக்கு வந்தார், முகத்தைப் பார்த்தார். நமக்கு வசனம் மட்டும்தான் வருகிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. எரேமியா 29:11 எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது; தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்லும் வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. பத்தாம் வசனத்தைப் பார்த்தால், இது நிறைவேற எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. ஏழாம் வசனம், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. பிறந்த தெருவை விட்டு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரியைவிட முழுக் கடிதமும் எவ்வளவோ அதிகமாகப் பேசும். வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்கும்போது அந்த எழுபது வருஷமும் போய்விடுகிறது, பட்டணத்துக்கான ஜெபமும் போய்விடுகிறது.

ஆகவே ஞாபகப்படுத்த இது நல்லது, இதை மட்டும் வைத்துக்கொண்டு வளர முடியாது. வசனம் வந்த அன்று இரவு அந்த அதிகாரத்தை முழுவதும் திறந்து படிப்பதாக இருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

ஒரே வருஷத்தில் வேதாகமம்

நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்தில் தொடங்கி நேராகப் போகிறவர்களுக்கு ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அது முடிந்து எண்ணாகமத்தையும் தாண்ட பிப்ரவரி நடுப்பகுதி ஆகும். பலியின் முறைகளும் கோத்திரக் கணக்குகளும் வரும் அந்த வாரங்களில்தான் வழக்கமாக அட்டவணை நின்றுபோகிறது. இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் இருபத்துமூன்று. பாக்கி ஏற ஏற, வேதத்தைத் திறக்கவே கூச்சம் வந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய மாற்று உண்டு. 1842-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் தன் சபைக்காக ஒரு அட்டவணை எழுதினார். நாளைக்கு நான்கு அதிகாரம். ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் என்று நான்கு இடங்களில் ஒரே நாளில் தொடங்கும். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை முடியும். லேவியராகமத்தில் நடக்கும் நாட்களிலும் பக்கத்தில் சங்கீதங்களும் பவுலின் நிருபங்களும் துணைக்கு இருக்கும் என்பதால், நேர்க்கோட்டில் வாசிப்பதைவிட இது நிச்சயமாக மேல்.

அந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நான்கு அதிகாரங்களில் இரண்டு தனியாக வாசிக்க, இரண்டு குடும்பமாக வாசிக்க என்று அவர் பிரித்திருந்தார். அதோடு, இதிலுள்ள ஆபத்துகளையும் அவரே எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், முடித்தோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அடுத்த வருஷமே 29 வயதில் அவர் இறந்துவிட்டார். இன்று அந்த அட்டவணையைப் பகிர்கிறவர்கள் எச்சரிக்கையையும் சேர்த்தே பகிர வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். மாற்கு சுவிசேஷத்தை, பதினாறே அதிகாரங்கள், அரை அதிகாரமாக மெதுவாக வாசித்து முடித்தவருக்கு இயேசு யார் என்பது மனதில் நிற்கும். வருஷ அட்டவணையைப் பாதியில் விட்டவருக்குத் தான் தோற்றுப்போனோம் என்பதுதான் நிற்கிறது. இரண்டு மூன்று புத்தகங்களை இப்படி நிதானமாக முடித்த பிறகு மெக்செய்னிடம் போகலாம்.

கதவைப் பூட்ட அறை இல்லாதவர்கள்

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தனியாக ஒரு மணி நேரம் தேவனோடு இருக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முகத்திலேயே அது தெரியும். ஆனால் கொருக்குப்பேட்டையில் ஆறு பேர் படுத்திருக்கும் ஒரே அறையில் லைட்டைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். காசிமேட்டில் மீன் ஏலமே விடிவதற்கு முன்னால் நடக்கிறது. மணலி கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்தவருக்கு நான்கு மணி என்பது வேலை நேரம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6-ல் படிக்கும்போது, பூட்டக் கதவில்லாத வீட்டுப் பெண் என்ன நினைப்பாள்?

மாற்கு 1:35 இந்த இடத்தில் பெரிய ஆறுதல். முந்தின நாள் ஊரே வாசலில் கூடியிருந்தது, இயேசு தங்கியிருந்தது ஒரு மீனவருடைய வீட்டில். இருட்டோடே எழுந்து அவர் வெளியே போய்த்தான் ஜெபித்தார். வீட்டுக்குள் தனிமை கிடைக்காத நிலை அவருக்கும் தெரியும். மொட்டை மாடியோ, வேலைக்குப் போகும் வழியில் திறந்திருக்கும் ஆலயமோ, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோர இடமோ போதும். ரயிலில் போகிறவர்களுக்கு ஒலி வேதாகமம் நன்றாகக் கைகொடுக்கும். ராஜாக்கள், சாமுவேல், சுவிசேஷங்கள் போன்ற சம்பவங்கள் காதுக்கு நன்றாக ஏறும். பவுலின் நிருபங்களைக் கண்ணால் படிப்பதே நல்லது, வாக்கியம் நீளம்.

இரவு வேலைக்காரர்கள் அதிகாலையை நினைத்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். 134-ஆம் சங்கீதம் மூன்றே வசனம். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பாடியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கும் சகோதரி அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

குடும்ப ஜெபம்

இந்த ஒப்பீட்டில் என் ஓட்டு இதற்குத்தான். தனி அறை இல்லாதது தனித் தியானத்துக்குத் தடை; குடும்ப ஜெபத்துக்கு அதுவே வசதி. எல்லோரும் ஏற்கெனவே ஒரே அறையில்தான் இருக்கிறோம். உபாகமம் 6-ல் வார்த்தையைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும்போது, வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் என்றுதான் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்ன வழி அது.

இன்னொரு காரணம், தனியாக வாசிப்பவர் ஒரு நாள் விட்டால் யாருக்கும் தெரியாது. குடும்ப ஜெபம் ஒரு நாள் நடக்காவிட்டால் எட்டு வயதுப் பிள்ளை கேட்டுவிடும், "இன்னைக்கு ஜெபம் இல்லையாப்பா?"

அப்படியானால் ஏன் இத்தனை வீடுகளில் நின்றுபோயிற்று? நீளம்தான் முதல் காரணம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்பா ஜெபம், அம்மா ஜெபம், பரமண்டல ஜெபம் என்று முக்கால் மணி நேரம் போனால் ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். பதினைந்து நிமிடம் போதும். அடுத்தது, ஜெபத்துக்குள்ளேயே பிள்ளைகளைத் திட்டுவது. "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான், இவனுக்குப் புத்தி கொடும்" என்று தினமும் கேட்கிற பையன், கர்த்தரையும் அப்பாவின் கட்சியில் சேர்த்துவிடுவான். இதை உடனே நிறுத்த வேண்டும். பிள்ளைக்காக நன்றி சொல்லி ஜெபித்துப் பாருங்கள், அவன் தலை நிமிரும்.

வாசிப்பது அப்பா மட்டும் என்று இருக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு வசனம் சுற்றி வரட்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா 23-ஆம் சங்கீதத்தையும் 121-ஐயும் பார்க்காமலே சொல்வார். அவருக்கு ஒரு நாள் கொடுங்கள். பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது. சங்கீதங்களை அதிலேயே மனப்பாடம் செய்வது நல்லது, ஓசை மனதில் தங்கும். சம்பவங்களை வாசிக்க, பிள்ளைகளுக்குப் புரியும் எளிய தமிழ்ப் பதிப்பு வைத்துக்கொள்ளலாம். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்.

தெருவும் சபையும்

வீட்டில் தான் ஒருவர் மட்டும் விசுவாசி என்று இருப்பவர்களுக்குக் குடும்ப ஜெபம் என்ற பேச்சே வலிக்கும். அவர்களுக்கு வீட்டு ஜெபக்கூட்டம்தான் குடும்பம். கத்தோலிக்கர்களிடம் அன்பியம் இருக்கிறது. பத்திருபது வீடுகள் சேர்ந்து ஒரு வீட்டில் கூடி வேதம் பகிர்கிறார்கள், ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர்கள் போய் நிற்கிறார்கள். பெரம்பூர் லூர்து மாதா ஆலயத் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதுதான் அவர்கள் பக்தி என்று நினைப்பவர்கள் இந்த அன்பியங்களைக் கவனிப்பதில்லை. ஜெபமாலையைப் பற்றி எங்கள் பக்கம் கருத்து வேறுபாடு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி, கரண்ட் போன இரவிலும் ஒரு குடும்பம் சேர்ந்து இருபது நிமிடம் ஜெபிக்க முடிகிறது என்பதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் இரவு ஜெபமும் நெருக்கடியில் தாங்குகின்றன. தினசரி வளர்ச்சிக்கு அவை பதிலாகாது. அங்கே மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்டு உடைந்து அழுதுவிட்டு, மறுபடி அடுத்த வெள்ளி வரை வேதத்தைத் திறக்காமல் இருப்பது சாத்தியம்.

சரி, யாருக்கு எது?

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் அல்லது விட்டுத் திரும்பியவர்: மாற்கு, அரை அதிகாரமாக, கூட ஒரு ஆளோடு. வாரம் ஒரு முறை அவரைப் பார்த்து என்ன வாசித்தோம் என்று பேசினால் போதும். தனியாக வாழும் வாலிபர்கள்: தினம் ஒரு சங்கீதம், அதோடு ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பழகிய விசுவாசிகள்: மெக்செய்ன் அட்டவணை, முடிந்தால் கணவன் மனைவி பங்கிட்டுக்கொண்டு.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருமானம் இல்லாத கஷ்டமான நாட்கள்தான். ஆனால் அப்பா இரவில் வீட்டில் இருக்கும் நாட்களும் அவைதான். வலை பின்னவும் படகு பழுதுபார்க்கவும் பகல் போனாலும் சாயங்காலம் இருக்கிறது. குடும்ப ஜெபத்தைத் தொடங்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. யோனா 4 அதிகாரம், மாற்கு 16, அப்போஸ்தலர் நடபடிகள் 28, பிலிப்பியர் 4, யாக்கோபு 5, ரூத் 4. கூட்டினால் 61. நாளைக்கு ஒன்று. முதல் வாரத்திலேயே யோனாவின் புயல் வந்துவிடும்; நடபடிகள் 27-இல் கப்பல் உடையும்போது கடல் தெரிந்த அப்பாவே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லட்டும், எந்தப் போதகரைவிடவும் அவருக்கு அது நன்றாகத் தெரியும். தடை முடிந்து படகு புறப்பட்ட பிறகு, அப்பா இல்லாத இரவுகளில் அம்மாவும் பிள்ளைகளும் 107-ஆம் சங்கீதத்தின் 23 முதல் 30 வரை வாசித்து அவருக்காக ஜெபிக்கலாம்.