எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவுடன் ஐந்து ஆண்டுகள்

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை முன்னால் நிறுத்தி, பின்னால் ஜாங்கோ என்ற பைதான் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய தளத்தை ஓடவிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எச்டிடிபிஎஸ் இணைப்பைக் காக்கும் டிஎல்எஸ் குறியாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடும். உள்ளே போவது வெறும் எச்டிடிபி. வந்தவர் பாதுகாப்பான இணைப்பில்தான் வந்தாரா என்று ஜாங்கோவுக்குச் சொல்வது எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்ற ஒரு ஹெடர்தான், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து போகும் ஒரு குறிப்பு வரி.

முதல் வாரம் முடிவில்லாத ரீடைரக்ட். ஜாங்கோ எச்டிடிபிஎஸ்-க்குப் போகச் சொல்லும், பிரவுசர் போகும், உள்ளே மறுபடி எச்டிடிபியாகவே வந்து சேரும். ஹெடரை அனுப்பி, அதை நம்பும்படி ஜாங்கோ செட்டிங்கிலும் எழுதியதும் சரியாகிவிட்டது. அப்புறம் ரீடைரக்ட் வேலையை என்ஜின்எக்ஸிடமே விட்டுவிட்டேன்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது வேறு. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில், ஒரு குறிப்பிட்ட பாதைக்கான லொகேஷன் பிளாக்குக்குள், தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடரை மட்டும் தனியாக எழுதினேன். பக்கங்கள் ஒழுங்காகத் திறந்தன. ஆனால் எந்தப் படிவத்தை அனுப்பினாலும் 403 மறுப்பு: ஆரிஜின் (கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பது) பொருந்தவில்லை. பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்கிறது, ஜாங்கோ எச்டிடிபி என்று நினைக்கிறது. காரணம் இதுதான்: ஒரு லொகேஷனில் ஹெடரை உள்ளே அனுப்பும் ப்ராக்ஸி-செட்-ஹெடர் வரி ஒன்றே ஒன்று எழுதினாலும், மேலே சர்வர் பிளாக்கில் எழுதியவை எதுவும் அங்கே இறங்கி வராது. நம்பகமான ஆரிஜின் பட்டியலில் தளத்தின் பெயரைச் சேர்த்தால் 403 போய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஜாங்கோ எழுதும் முழு லிங்குகள் எச்டிடிபியாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும். இப்போது ஹெடர்களை எல்லாம் ஒரே கோப்பில் வைத்து, தேவைப்படும் ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்கிறேன்.

பிறகு என்ஜின்எக்ஸுக்கும் முன்னால், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர் வந்தது. டிஎல்எஸ் அங்கேயே முடிந்துவிடுவதால், தனக்கு வந்த இணைப்பு எந்த வகை என்று காட்டும் என்ஜின்எக்ஸின் ஸ்கீம் என்ற மாறி (வேரியபிள்) எப்போதும் எச்டிடிபி என்றே சொல்லும். வருகிற ஹெடரை அப்படியே உள்ளே கடத்திவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாமே. அதனால் லோட் பேலன்சரின் ஐபியிலிருந்து வந்தால் மட்டும் அதை ஏற்று, மற்றபடி ஸ்கீம் மாறியின் மதிப்பையே அனுப்பும்படி ஐபியைப் பார்க்கும் ஜியோ, மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் மேப் என்ற என்ஜின்எக்ஸ் கட்டளைகளை வைத்து எழுதினேன். ஜாங்கோவின் போர்ட்டும் என்ஜின்எக்ஸைத் தவிர யாருக்கும் திறந்திருக்காது.

இதற்கென ஃபார்வர்டட் என்ற ஹெடரை ஆர்எஃப்சி 7239 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்தது 2014-இல். ஆனாலும் நான் பழையதிலேயே இருக்கிறேன். ஜாங்கோ செட்டிங் ஹெடரில் காற்புள்ளிக்கு முன் உள்ள மதிப்பை எடுத்து அப்படியே ஒப்பிடுமே தவிர, ஃபார்வர்டட் ஹெடரில் வரும் proto=https போன்ற பகுதிகளைப் பிரித்துப் படிக்காது.

கான்ஃபிக்கைத் தொட்ட ஒவ்வொரு முறையும், வெளியிலிருந்து நேராக என்ஜின்எக்ஸின் 80-ஆம் போர்ட்டுக்கு எச்டிடிபிஎஸ் என்று பொய் ஹெடர் வைத்து, கர்ல் என்ற கட்டளைக் கருவியால் ஒரு கோரிக்கை அனுப்புகிறேன். ரீடைரக்ட் திரும்பி வந்தால்தான் டெப்ளாய்.