சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்காவா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போக இரண்டு வழிகள். நேரே யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம். அல்லது கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்காவில் இறங்கி, தரைவழியாக வடக்கே திரும்பி வரலாம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து இரண்டாவதை எடுப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேர்கோட்டில் அளந்தால் சென்னை விமான நிலையத்திலிருந்து பலாலி ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கட்டுநாயக்கா ஏறத்தாழ 645. தூரத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் பறக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம். பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது என்பதால் அங்கே ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்கள்தான் போகின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். கொழும்புக்குப் பறக்கும் ஜெட் 800-ஐத் தாண்டும். அதனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

வித்தியாசம் இறங்கிய பிறகுதான் தெரியும். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் இருபது கிலோமீட்டருக்குள். ஆட்டோவிலேயே போய்விடலாம். காலையில் சென்னையில் ஏறினால் மதியச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில். கட்டுநாயக்காவில் இறங்கினாலோ இன்னும் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும். அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஏழெட்டு மணி நேரப் பேருந்துப் பயணம். வான்வழியில் யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய், அதே தூரத்தைச் சாலையில் திரும்பி வருகிறோம்! வயதானவர்களோடு போகிறவர்கள் இதை முக்கியமாக யோசிக்க வேண்டும்.

பலாலி 2019 அக்டோபரில்தான் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. எதிர்க்கரையில் இருக்கும் ஊருக்குக் கொழும்பைச் சுற்றிப் போன காலம் போதும். இந்தச் சேவை நிலைக்க வேண்டும், அதற்கு நாம் அதில் ஏற வேண்டும்.

சரி, கட்டுநாயக்கா எப்போது நல்லது? கண்டி, கொழும்பையும் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் வசதி. விமானங்களும் அதிகம், ஒன்று ரத்தானால் இன்னொன்று கிடைக்கும். பலாலிக்கு அந்த வசதி இல்லை. லண்டன், டொராண்டோவிலிருந்து வருகிறவர்களும் கவனிக்க வேண்டும்: சென்னை வரை ஒரு டிக்கெட், பலாலிக்குத் தனி டிக்கெட் என்று எடுத்து, பெட்டியை வெளியே வந்து எடுக்க வேண்டியிருந்தால் இந்திய விசா தேவைப்படும்.

ஒரே நாளில் ஊர் சேர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், கூடுதலாகச் சில ஆயிரம் ஆனாலும் நான் பலாலியைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் சோழமண்டலக் கரை கூடவே வரும்.

அப்புறம், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சென்னைக்கே வர வேண்டாம். திருச்சி–பலாலி சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது, நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் போகும் நாளில் விமானம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.