அரை ஜூல் ஆற்றலில் எடுக்கப்படும் படம்: ஒரு பெட் ஸ்கேன் மையத்தைப் பற்றி

மருத்துவத் தரத்துக்கு இந்த மையத்துக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். வந்திருப்பவருக்கு விளக்கிச் சொல்வதில் பாதி மதிப்பெண்கூடப் போட மனம் வரவில்லை. நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்திருக்கும் என் பெரியப்பாவை அண்மையில் ஒரு தனியார் மையத்துக்கு பெட் (PET) ஸ்கேன், அதாவது உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்து எங்கெங்கே சேர்கிறது என்பதைப் படமாக்கும் சோதனை, எடுக்க அழைத்துச் சென்றிருந்தேன். மையத்தின் பெயரை இங்கே தரவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலான மையங்களுக்குப் பொருந்தக்கூடியவை. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவை (E = mc²) இவ்வளவு நேரடியாகக் கட்டணம் கட்டிப் பெறக்கூடிய வேறொரு சேவையை நான் அறியேன் என்பதால், மதிப்புரையையும் அந்த உறவை வைத்தே எழுதுகிறேன்.

ஊசியில் ஏற்றப்படும் மருந்து, ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு பொருத்தப்பட்ட குளுக்கோஸ். இந்த ஃப்ளூரின் இயற்கையில் கிடைப்பதில்லை. சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் முடுக்கப்பட்ட புரோட்டான்களை, ஆக்சிஜன்-18 செறிவூட்டப்பட்ட நீரின் மீது மோதவிட்டு அதை உண்டாக்குகிறார்கள். ஆக்சிஜன் அணுக்கரு ஒரு புரோட்டானை ஏற்று ஒரு நியூட்ரானை வெளியேற்றி ஃப்ளூரினாகிறது. ஃப்ளூரின்-18 அணு, தான் பிறந்த ஆக்சிஜன்-18 அணுவைவிட ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் நிறை கொண்டது. அந்தக் கூடுதல் நிறை, முடுக்கப்பட்ட புரோட்டானின் இயக்க ஆற்றலிலிருந்து வந்தது. அதாவது, சைக்ளோட்ரானை இயக்கிய மின்சாரத்தின் ஒரு துளி, அணுக்கருவின் நிறையாகச் சேமிக்கப்பட்டு, ஈயப் பெட்டிக்குள் வண்டியேறி மருத்துவமனைக்கு வருகிறது.

அந்தச் சேமிப்பு வெகுநேரம் தங்குவதில்லை. ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடங்கள். இந்த மையத்தில் சைக்ளோட்ரான் கிடையாது. மருந்து வெளியூரிலிருந்து வருகிறது. நாங்கள் சென்ற அன்று அது தாமதமாயிற்று. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்த முதியவர்கள் நண்பகலைத் தாண்டியும் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். தாமதம் யார் தவறும் இல்லாமல் நேரக்கூடியதே. ஆனால், இரண்டு மணி நேரம் கழிந்தால் மருந்தின் வீரியம் பாதிக்கும் கீழே போய்விடும் என்பதையும், அதனால்தான் நோயாளிகளை அழைக்கும் வரிசை மாற்றப்படுகிறது என்பதையும் வரவேற்பில் இருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், "டோஸ் வரலை, உட்காருங்க" என்பது மட்டும்தான். இது சரியில்லை.

உள்ளே அழைத்த பிறகு நடந்தவை அனைத்தும் ஒழுங்காக நடந்தன. விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்கள். சர்க்கரையோ இன்சுலினோ கூடியிருந்தால் ஊசியில் போகும் குளுக்கோஸ் தசைகளுக்குத் திசைதிரும்பி, படம் தெளிவில்லாமல் போகும். கையில் ஊசி வழியை முன்கூட்டியே பொருத்தி, உப்பு நீர் செலுத்திச் சோதித்தார்கள். அதன் பிறகே டங்ஸ்டன் உறைக்குள் இருந்த சிரிஞ்சு வந்தது. அளவு சிறியதுதான், ஆனால் உறையின் கனத்தால் தொழில்நுட்பர் அதை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். ஏற்றும் முன்னும், ஏற்றிய பின் வெறும் சிரிஞ்சையும் அளவுமானியில் வைத்துக் கணக்கெழுதினார். பெரியப்பாவுக்குச் சென்றது, கதிரியக்கத்தை அளக்கும் அலகில், பத்து மில்லிகியூரிக்குச் சற்றுக் குறைவு.

பெரியப்பா கேட்டார்: "தம்பி, இது உடம்புல எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"நாளைக்குக் காலையில இருக்காதுங்கய்யா. நல்லா தண்ணி குடிங்க, போதும்."

அந்த இளம் தொழில்நுட்பர் சொன்னது சரி. ஒரு முழு நாளில் பதின்மூன்று அரை ஆயுட்காலங்கள் கடந்துவிடும். மிஞ்சுவது எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறுநீரில் வெளியேறுவது தனி. அந்த மையத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

அடுத்த ஒரு மணி நேரம், பேசாமலும் அசையாமலும் தனியறையில் சாய்ந்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளைத் தசைகள்கூட குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அந்த மௌனத்தில் உடலுக்குள் நடப்பது இதுதான். பசியோடு இருக்கும் உயிரணுக்கள், குறிப்பாகப் புற்றணுக்கள், குளுக்கோஸ் என்று நம்பி இந்த மருந்தை உள்ளே இழுக்கின்றன. அங்கே சிக்கிய ஃப்ளூரின் அணுக்கரு ஒவ்வொன்றாகச் சிதைந்து மீண்டும் ஆக்சிஜன்-18 ஆகிறது. சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியேற்றுகிறது. பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள்; அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்டது. இயற்பியலாளர் டிராக் கோட்பாட்டளவில் முன்னுரைத்து, 1932-இல் ஆண்டர்சன் கண்டுபிடித்த அதே துகள்தான். திசுவுக்குள் அது ஒரு மில்லிமீட்டர் போவதே அரிது. அதற்குள் தடுமாறி நின்று, அருகிலுள்ள ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது. இரண்டும் மறைந்து, அவ்விடத்தில் இரண்டு காமா ஃபோட்டான்கள், அதாவது உயர் ஆற்றல் ஒளித்துகள்கள், எதிரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன.

அந்த ஃபோட்டானின் ஆற்றல் எவ்வளவு என்பதை எந்த மருந்து நிறுவனமும் கருவி நிறுவனமும் தீர்மானிக்க முடியாது. எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 8.187 × 10⁻¹⁴ ஜூல் வருகிறது. அணு அளவிலான ஆற்றலுக்குப் பயன்படும் அலகில் அது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மறைந்த துகள்கள் இரண்டு, புறப்பட்ட ஃபோட்டான்கள் இரண்டு; ஆகவே ஆளுக்கு 511. ஸ்கேன் கருவியின் வளையத்தில் உள்ள படிகங்கள் இந்த எண்ணை ஒட்டிய ஆற்றலோடு வரும் ஃபோட்டான்களை மட்டும் ஏற்று, வழியில் சிதறி ஆற்றல் குறைந்தவற்றைத் தள்ளிவிடுகின்றன. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோநொடியில் அளந்தால், சில நானோநொடி இடைவெளிக்குள் எதிரெதிர்ப் படிகங்களில் இரண்டு பதிவுகள் வந்தால்தான் அது ஒரு சோடி. அந்தச் சோடிகளை இணைக்கும் கோடுகள் கோடிக்கணக்கில் சேர்ந்தே படம் உருவாகிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் தம் மூன்று பக்கக் கட்டுரையில், கதிரை வெளியிடும் பொருள் அதற்கேற்ப நிறை குறையும் என்று எழுதி, அதைச் சோதிக்க ரேடியம் உப்புகளைப் பரிந்துரைத்தார். அந்தச் சமன்பாடு இன்று தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்கும் தொழில்நுட்பரின் திரையில் ஒரு கூர்முனையாக எழுந்து நிற்கிறது. பெரியப்பா படுத்திருந்தபோது அந்த இளைஞரிடம் கேட்டேன். அன்று காலைச் சோதனையின் வரைபடத்தைத் திறந்து காட்டினார். முனை 511-இல் நின்றது.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். கையொப்பம் வாங்கும் படிவத்தில் "கதிரியக்கப் பொருள்" என்ற சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை நேரம், என்ன விளைவு என்ற விவரம் எதுவும் இல்லை. படித்த மாத்திரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் அழத் தொடங்கிவிட்டார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய கணக்கு கடினமானதல்ல. பத்து மில்லிகியூரி ஊசியில் உள்ள ஃப்ளூரின்-18-இன் மொத்த எடை ஒரு நானோகிராமில் பத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள அணுக்கள் சுமார் மூன்றரை லட்சம் கோடி. அவற்றில் ஏறத்தாழ 97 விழுக்காடு பாசிட்ரானை வெளியிடுகின்றன. கடைசி அணு சிதையும் வரை மறையும் எலக்ட்ரான், பாசிட்ரான் சோடிகளின் நிறையைக் கூட்டினால் 6 × 10⁻¹⁵ கிராம். அதிலிருந்து பிறக்கும் ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்றே அதிகம். ஐம்பது கிராம் எலுமிச்சம்பழம் ஒன்றை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் அளவு. அவ்வளவு சொற்ப நிறையிலிருந்து உடல் முழுவதையும் படம் பிடிக்கப் போதுமான ஒளி கிடைக்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அரை ஜூல்தானே என்று அலட்சியம் காட்டவும் கூடாது. ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். ஒரு ஃபோட்டானிடம் அதைப் போல் லட்சம் மடங்கு இருக்கிறது. ஆகவேதான் கதிரின் பாதிப்பை ஜூலில் மட்டும் அளக்காமல் மில்லிசீவெர்ட்டில் அளக்கிறோம். இந்த ஊசியால் உடல் பெறுவது ஏறத்தாழ 7 மில்லிசீவெர்ட். இயற்கைச் சூழலிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4. உடன் எடுக்கப்படும் சி.டி. படத்தின் அளவு தனியே சேரும். சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கும் ஒரு சோதனைக்கு இது ஏற்கத்தக்க விலை என்றே நான் கருதுகிறேன். தேவையின்றி, "முழு உடல் பரிசோதனை" என்ற பெயரில் எடுத்துக்கொள்ள ஏற்றதல்ல. ஊசி போட்ட நாளில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டு விலகியிருக்கச் சொல்கிறார்கள். அதை இந்த மையம் வாய்மொழியாகத் தெளிவாகச் சொன்னது. படிவத்திலும் அச்சிட்டிருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்த நேரம் அரை மணிக்கும் குறைவு. மெத்தை வசதியாக இருந்தது, குளிருக்குப் போர்வை தந்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுப்பது தோள்வலி உள்ளவர்களுக்குச் சிரமம். முன்பே சொன்னால் கைக்குத் தாங்கல் வைத்துத் தருகிறார்கள். அறிக்கை மறுநாள் மாலை கைக்கு வந்தது, குறுந்தகட்டுடன்.

போகப்போகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். மருந்து எங்கிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டு அதற்கேற்பப் பட்டினியைத் தொடங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் நேரத்தையும் அப்போதே மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்கு இடையில் மறுபடியும் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில், ஊசிக்குப் பின் அதே இடைவெளியில் எடுங்கள். அறிக்கையில் வரும் ஏற்பு மதிப்பு எண் (மருந்தைத் திசு எவ்வளவு இழுத்தது என்பதைக் காட்டும் SUV), பதிவான ஃபோட்டான் சோடிகளை எண்ணி, கழிந்த நேரத்துக்கும் உடலில் உறிஞ்சப்பட்டவற்றுக்கும் திருத்தம் செய்து கிடைப்பது. கருவியும் காத்திருப்பு நேரமும் மாறினால், கட்டியில் எந்த மாற்றமும் இல்லாமலே அந்த எண் ஏறவோ இறங்கவோ கூடும்.