ஓலேவிபிஏ: மேக்ரோவில் ஒளித்து வைத்த சொற்களைப் படித்துக் காட்டும் கருவி

மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறக்காமலேயே அதிலுள்ள மேக்ரோ (விபிஏ மொழியில் எழுதிக் கோப்புக்குள் பொதிந்த சிறு நிரல்) என்ன செய்யும் என்று அறிய விரும்புவோருக்கு, பிலிப் லகடெக் பைத்தான் மொழியில் எழுதிய ஓலேடூல்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள ஓலேவிபிஏ மிகவும் பயன்படும். இக்கருவிக்கு வேர்டு தேவையில்லை. கோப்புக்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் மேக்ரோ நிரலைப் பிரித்தெடுத்துத் திரையில் காட்டுமே தவிர, அதில் ஒரு வரியைக்கூட இது இயக்குவதில்லை. நிரலுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தாலும் தடையில்லை. அந்தக் கடவுச்சொல் மேக்ரோ எழுதும் எடிட்டரின் கதவை மட்டுமே பூட்டுகிறது, நிரலை மறையாக்கம் செய்வதில்லை.

ஆனால் நிரல் கண்முன் வந்துவிட்டால் மட்டும் அது புரிந்துவிடாது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்னும் மேக்ரோ வைரஸ், அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொள்ளும் வேலையை ஒளிவுமறைவின்றியே எழுதி வைத்திருந்தது. பின்னர் வந்த டிரைடெக்ஸ், எமோடெட் போன்ற தீநிரல்களைப் பரப்பிய மேக்ரோக்களிலோ இணைய முகவரியும் இயக்க வேண்டிய கட்டளையும் நேரடியாகத் தென்படுவதில்லை. விண்டோஸில் கட்டளைகளை இயக்கப் பயன்படுவதால் வைரஸ் தடுப்பான் தேடும் 'டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டால், அதை நான்கைந்து துண்டுகளாக்கி ஒட்டலாம். 87, 83, 99 என்று எழுத்துக்குறி எண்களாக அடுக்கி, சிஎச்ஆர் செயற்கூறால் எழுத்தாக்கலாம். தலைகீழாக எழுதி இயங்கும்போது திருப்பலாம். இடையிடையே குப்பை எழுத்துகளைச் செருகிப் பின்னர் நீக்கலாம். நிரலில் வைக்காமல் ஒரு படிவப் பொத்தானின் தலைப்பிலேயே பதுக்கலாம்.

இவற்றில் நிலையான வடிவம் உடையவற்றை ஓலேவிபிஏ நன்றாகவே அவிழ்க்கிறது. ஹெக்ஸ், பேஸ்64 என்னும் பொதுக் குறிமுறைகள், திருப்பி எழுதிய சரம் (எழுத்துத் தொடர்), டிரைடெக்ஸ் கையாண்ட தனிக் குறியீடு ஆகியவற்றை அது தானே இனங்காண்கிறது. படிவங்களில் பதுக்கிய சரங்களையும் எடுத்துத் தருகிறது. 'டிஆப்' தேர்வைக் கொடுத்தால் எழுத்துக்குறி எண்களையும் ஒட்டுத் துண்டுகளையும் கணித்துச் சேர்க்கிறது. 'ரிவீல்' தேர்வையும் உடன் கொடுத்தால், அவிழ்த்த சரங்களை அவற்றுக்குரிய இடங்களில் பொருத்தி முழு நிரலையும் மறுபடி காட்டுகிறது. என் மதிப்பீட்டில் இக்கருவியின் ஆகச் சிறந்த வசதி இதுவே. தனிப் பட்டியலாகக் கிடைக்கும் சரம் எந்த வரியில் எதற்குப் பயன்பட்டது என்று தேடி அலைய வேண்டியதில்லை. நீளமான நிரலில் இது பொறுமையைச் சோதிக்கும் வேகத்தில் நகரும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

இறுதியில் வரும் எச்சரிக்கை அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சிஎச்ஆர் என்ற பெயர் நிரலில் எங்கு தென்பட்டாலும் 'சரங்களை மறைக்க முயலலாம்' என்று அது எழுதிவிடுகிறது. ஒரு கடிதத்தில் வரியை முறிக்க சிஎச்ஆர் 13 என்று எழுதிய அப்பாவி எழுத்தரும் அந்தச் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். தமிழில் மேக்ரோ எழுதுவோருக்கு இது இன்னும் சங்கடமானது. விபிஏ எடிட்டர் யூனிகோடை ஏற்பதில்லை. தமிழுக்கென விண்டோஸில் யூனிகோடுக்கு முந்தைய ஏஎன்எஸ்ஐ எழுத்துக் குறிமுறையும் கிடையாது. எனவே 'அம்மா' என்று ஒரு சரத்தில் எழுதக்கூட, யூனிகோடு எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்டபிள்யூ செயற்கூற்றுக்கு 2949, 2990, 3021, 2990, 3006 என ஐந்து எண்களைக் கொடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. எழுத்துரு மாற்றும் நேர்மையான தமிழ் மேக்ரோவும் முகவரியை மறைக்கும் தீய மேக்ரோவும் அட்டவணையில் ஒரே சாயலில் தெரிவது இதனால்தான். அந்த எண்கள் தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையிலான வரம்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இங்கு எளிய முதற்சோதனை.

கருவியின் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. துண்டுகளை வெவ்வேறு மாறிகளில் வைத்துப் பிறகு சேர்த்தாலோ, மேக்ரோ எழுதியவர் தாமே எக்ஸ்ஓஆர் (பிட்டுகளைப் புரட்டி மறைக்கும் கணக்கு) செயற்கூறு ஒன்றை எழுதி அதன் வழியே சரங்களை விடுவித்தாலோ, ஓலேவிபிஏ கைவிரித்துவிடும். நிலையான மதிப்புகளை மட்டுமே கணிக்கும் கருவியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையன்று. அப்போது நிரலைப் போலி இயக்கத்தில் நடத்திப் பார்க்கும் வைப்பர்மங்கி என்னும் உறவுக் கருவியை நாடலாம், அல்லது அந்தச் செயற்கூற்றை மட்டும் பைத்தானில் நாமே மாற்றி எழுதி ஓடவிடலாம். பின்னதே எனக்கு விரைவாகப் பலன் தருகிறது. மூலநிரலை மாற்றிவிட்டுத் தொகுக்கப்பட்ட பி-கோடை (இயக்கத்துக்கெனத் தயாரான வடிவம்) மட்டும் விட்டுவைக்கும் தந்திரத்தையோ, வைரஸ் ஆய்வாளர் வெஸ்ஸலின் பான்ட்செவின் நிரலைத் துணைக்கொண்டு, புதிய பதிப்புகள் கண்டு எச்சரிக்கின்றன.

இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியபின் இத்தகைய கோப்புகளின் வரத்து குறைந்திருக்கிறது. ஆயினும் பழைய ஆஃபிஸ் பதிப்புகள் ஓடும் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவர் இதை நிறுவி வைத்துக்கொள்வது நல்லது. பைத்தானின் பிப் நிறுவல் கட்டளை ஒன்றே போதும், கட்டணம் ஏதுமில்லை. ஆனால் சந்தேகக் கோப்புகளை அன்றாட வேலைக் கணினியில் வைக்காமல், தனியே ஒதுக்கிய லினக்ஸ் கணினியில் வைத்தே சோதியுங்கள்.