குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளிகள்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் ரோட்டில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வேலையாகத்தான் வருவார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல். கூடவே இந்தக் கேள்வியும் வரும்: "அக்கா, உங்க பசங்க கவர்மெண்ட் ஸ்கூல்தானே? நல்லா இருக்குதா?" வரிசையில் நாலு பேர் நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மகன் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. இரண்டு பள்ளிகளும் இரண்டு விதம். பெயர் போடவில்லை, நான் சொல்லப்போவது சுற்றுவட்டார ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடக்கப் பள்ளியை மனசாரப் பாராட்டுவேன். முதலில் காலைச் சாப்பாடு. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகளும் தறி வீடுகளும் அதிகம். அம்மா விடியற்காலையிலேயே இலை வெட்ட உட்கார்ந்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு டீயும் பொறையும்தான் கிடைக்கும். இப்போது எட்டரை மணிக்கெல்லாம் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் சமைக்கிறார், அவருடைய பையனும் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சாம்பாரில் பூசணிக்காயும் கேரட்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ரவை உப்புமா மட்டும் ஆறினால் இறுகிப்போகிறது, பின்னால் வரும் பிள்ளைகள் மிச்சம் வைத்துவிடுகிறார்கள். வெண்பொங்கல் போடுகிற நாளில் ஒரு பருக்கை மிஞ்சாது. மதியம் சத்துணவில் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். சாப்பாட்டு விஷயத்தில் இதுவரை எனக்குக் குறை என்று ஒன்றும் இல்லை.

அப்புறம் பாடம். கொரோனாவில் பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோனதால் 2022ல் எண்ணும் எழுத்தும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளை அவரவர் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அதற்கேற்ற பயிற்சி கொடுப்பார்கள். மகள் வெகுநாள் அரும்பிலேயே இருந்தாள். டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டையில் எழுதிய சொற்களைத் தரையில் பரப்பி, எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்துக்கொண்டே இருந்தார். திட்டியதும் இல்லை, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டதும் இல்லை. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ரேஷன் கடையில் என்னோடு நிற்கும்போது இருப்புப் பலகையை அவளே படித்து, "அம்மா, பாமாயில் இன்னும் வரலையாம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பது வேறு. முன்பின் பார்க்காத எழுத்தைத் தானாகப் படிப்பது வேறு. அந்த டீச்சருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பள்ளியில் ஆசிரியர் எத்தனை பேர்? எங்கள் பள்ளியில் இரண்டே பேர், வகுப்போ ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று ஓர் அறையில். நான்கும் ஐந்தும் ஹெச்.எம்.மிடம். அவர் வட்டார அலுவலகத்தில் கூட்டம் என்று போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அதற்கு நடுவில் வருகைப்பதிவு, எமிஸ் பதிவு (பிள்ளைகள் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்றுவது) என்று போனையும் பார்க்க வேண்டும். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள்தான். 61 ஆனால்தான் மூன்றாவது ஆசிரியர்.

பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்பதை நான் கடையில் உட்கார்ந்தே பார்க்கிறேன். மூன்று வயதிலேயே தனியார் பள்ளி வேன் வாசலுக்கு வந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் அந்த வயதுக்கு எல்.கே.ஜி. இல்லை, அங்கன்வாடிதான். 2019ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி, இங்கே வரவில்லை. வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு இறங்கி வருவதில்லை. பிள்ளைகள் குறைவதால் ஆசிரியர் குறைகிறார், ஆசிரியர் குறைந்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் வேனுக்குப் பணம் கட்டுகிறார். தொடக்கப் பள்ளிகளில் எல்.கே.ஜி. வேண்டும், எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் மூன்று ஆசிரியர்களாவது வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் எங்கள் பள்ளியைப் பற்றி நான் ஒரு குறையும் எழுத வேண்டியிருக்காது.

மெட்ரிக் பள்ளிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பில் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு, ஒரே கேள்வித்தாள். இங்கிலீஷ் மீடியம் வேண்டுமென்றால் அதுவும் பல அரசுப் பள்ளிகளில் உண்டு.

இனி மேல்நிலைப் பள்ளி. இங்கே மனசு அவ்வளவு நிறையவில்லை. கட்டடம் பரவாயில்லை, விளையாட்டு மைதானம் பெரிது, ஹைடெக் லேப் இருக்கிறது. கழிவறை மோசம். அதிலும் பெண் பிள்ளைகள் பக்கம் வெயில் காலத்தில் தண்ணீரே வருவதில்லை, காலையில் போன பெண்கள் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். வேலூர் வெயிலில் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதை உடனே சரி செய்ய வேண்டும்.

பெரிய குறை காலிப் பணியிடம். மகன் ஒன்பதாவது படிக்கும்போது கணக்கு சார் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. அறிவியல் டீச்சர்தான் தன் வகுப்போடு கணக்கையும் சேர்த்து இழுத்தார். கடைசியில் பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக, மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒரு தம்பியைப் போட்டார்கள். நன்றாக நடத்துகிற பிள்ளை. பாதி வருஷத்துப் பாடத்தை அவன் ஓடி ஓடி முடிக்க வேண்டியிருந்தது. கல்வியாண்டு முடிந்ததும் அவன் வேலையும் முடிந்தது. இப்படி நடந்தால் பத்தாவதில் கணக்கு எப்படி வரும்?

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். நம் வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு கடைசி இடம். ரிசல்ட் வந்த வாரம் பையன்கள் என் கடைக்கு மார்க் ஷீட்டோடு வந்தார்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சிலர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலைக்குக் கொடுக்கப் பலர். அவர்களில் ஒரு பையனால் விண்ணப்பத்தில் அப்பா பெயரைத் தமிழில் பிழையில்லாமல் எழுத முடியவில்லை. எட்டாவது வரைக்கும் எல்லோரும் பாஸ் என்பதை நான் எதிர்க்கவில்லை, சின்னப் பிள்ளையை ஃபெயில் ஆக்கி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் ஐந்தாவது வரைக்கும் கையைப் பிடித்துப் படிக்க வைத்த மாதிரி ஆறு, ஏழு, எட்டிலும் யாராவது அந்தப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். நம் பக்கமும் குறை உண்டு. தை பிறந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா, பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பையன்கள் காளையோடு சுற்றுகிறார்கள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தால் டவுன் பஸ் கிடைப்பது கஷ்டம் என்று பெண்களை அந்த வகுப்புக்கே அனுப்பாத வீடுகளும் இருக்கின்றன. அந்த நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால் போதும், பெண் பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு மகனை ஏன் அங்கேயே வைத்திருக்கிறேன் என்றால், ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, என்ஜினீயரிங்குக்கும் உண்டு. கல்லூரி போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் இரண்டு வருஷம் தனியாருக்கு மாற்றிவிட்டு, பன்னிரண்டாவது முடித்த பிறகு இதற்கெல்லாம் விண்ணப்பிக்க வருகிறார்கள். திருப்பி அனுப்பும்போது எனக்கே வயிறு எரியும். மாற்றுவதற்கு முன்னால் யோசியுங்கள்.

ஆக, எங்கள் ஊர் மாதிரி தொடக்கப் பள்ளி என்றால் தயங்காமல் சேர்க்கலாம். மேல்நிலைக்குப் போகும்போது கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். சேர்க்கை இப்போதெல்லாம் மார்ச் மாதமே ஆரம்பித்துவிடுகிறது. பிறப்புச் சான்றும் ஆதார் நகலும் எடுத்துப் போங்கள். ஏதாவது ஒரு சான்று இல்லை என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, அது சட்டம். சாதிச் சான்று இன்னும் வரவில்லை என்று யாரும் ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அப்பா அம்மா யாராவது ஒருவர் போங்கள். மூன்றாவது ஆசிரியர் கேட்டு எங்கள் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்களும் போட்டால் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கலாம். தட்டச்சு செய்து தருவதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.