கிண்டியா, துவாக்குடியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் வரிசையாக ஃபோன் செய்வார்கள். "கிண்டி கிடைக்கும் போல இருக்கு, திருச்சி என்.ஐ.டி.யும் வரலாம். எதுல சேர்க்கலாம்?" கேட்பது பெரும்பாலும் அப்பாதான். படிக்கப் போகிற பிள்ளையிடம் ஃபோனைக் கொடுங்கள் என்றால் கொஞ்சம் தயங்குவார்.

கிண்டி மாநிலக் கல்லூரி; திருச்சி அருகே துவாக்குடியில் இருக்கும் என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) மத்திய அரசுடையது. இந்த இரண்டு இடங்களுக்கும் வாசலே வேறு. கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க் போதும்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். 2007இலிருந்து நுழைவுத்தேர்வு கிடையாது. அதனால் ஒரு மார்க் சறுக்கினாலும் முன்னால் பெரிய கூட்டம் நின்றுவிடும். என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் என்கிற அகில இந்திய நுழைவுத்தேர்வு. தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும் பரீட்சை அது. பாடப் புத்தகத்தை வரி விடாமல் படித்த பிள்ளையும், கணக்கை வேகமாகப் போட்டுத் தள்ளுகிற பிள்ளையும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். ஆக, பாதித் தேர்வு பதினொன்றாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது.

திருச்சியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சொந்த ஊர் எது என்று பார்ப்பதில்லை, பிளஸ் டூவை எந்த மாநிலத்தில் முடித்தார் என்றுதான் பார்ப்பார்கள். பெங்களூரில் படித்த மதுரைப் பையனுக்குச் சொந்த மாநில இடம் கர்நாடகத்து என்.ஐ.டி.யான சூரத்கல்லில்தான், திருச்சியில் இல்லை.

பணக் கணக்கில் கிண்டிதான் ஜெயிக்கும். என்.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் மட்டும் செமஸ்டருக்கு 62,500 ரூபாய், ஹாஸ்டல் தனி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கும் அந்தக் கட்டணம் இல்லை. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். கிண்டியில் அரசு நிர்ணயித்த கட்டணம்தான். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவருக்கு ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது.

பெயர், பெருமை பற்றிக் கேட்டால் இரண்டுமே சளைத்தவை இல்லை. கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் லலிதா படித்தது அங்கேதான். திருச்சி 1964இல் ஆர்.இ.சி.யாக (மண்டலப் பொறியியல் கல்லூரி) ஆரம்பித்தது. டாடா சன்ஸ் தலைவர் சந்திரசேகரன் அங்கே எம்.சி.ஏ. முடித்தவர்.

எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் கூடப் படிப்பவர்கள்தான். கிண்டியில் சுற்றியிருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். சென்னைக்காரர் என்றால் சாயங்காலம் வீட்டுச் சாப்பாடு. துவாக்குடியில் தஞ்சாவூர் ரோட்டோரம் சுமார் 800 ஏக்கர் வளாகம். அறைத்தோழன் தெலுங்கோ இந்தியோ பேசுவான், முதல் செமஸ்டரில் ஊர் ஏக்கம் பிடுங்கும், அப்புறம் பழகிவிடும். வீட்டை விட்டு வெளியே வந்தால்தான் மலரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திருச்சியைத்தான் சொல்வேன்.

சரி, கிண்டி கல்லூரிக்கு எதிரே சர்தார் பட்டேல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐ.ஐ.டி.? ஜே.இ.இ. அட்வான்ஸ்டும் தாண்டி, பிடித்த பிரிவும் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கப்பல் கட்டும் துறையோ உலோகவியலோ கிடைத்து, பிள்ளையின் மனசு எலக்ட்ரானிக்ஸில் இருந்தால்தான் சண்டை. ஊரெல்லாம் ஐ.ஐ.டி. என்பார்கள். நான் கிண்டி இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) என்பேன். நாலு வருஷம் வகுப்பில் உட்காரப் போவது பிள்ளை, ஊர் இல்லை. இதே காரணத்துக்காக, திருச்சியில் பிடிக்காத பிரிவுக்குக் கிண்டியில் பிடித்த பிரிவு மேல். இரண்டிலும் ஒரே பிரிவு கிடைத்தால், காசு இடிக்காத வீட்டுக்குத் திருச்சி.

ஒதுக்கீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மாநிலத்தில் 69 சதவீதம், இங்கே பி.சி.க்கு (பிற்படுத்தப்பட்டோர்) வருமான வரம்பு கிடையாது. மத்தியக் கவுன்சிலிங்கில் ஓ.பி.சி.க்கு (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27 சதவீதம், கிரீமி லேயர் உண்டு, அதாவது வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. அப்பாவும் அம்மாவும் நல்ல சம்பளத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளை, கிண்டியில் பி.சி.யாகவும் திருச்சியில் பொதுப் பட்டியலிலும் நிற்க நேரிடும். ரேங்கை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

மத்தியக் கவுன்சிலிங் முந்திக்கொண்டு நடக்கும். கிண்டி சீட் கையில் வருவதற்கு முன்பே திருச்சிக்குப் பணம் கட்டச் சொல்லிவிடுவார்கள். மாநிலத் தரவரிசைப் பட்டியல் வந்ததும் போன வருஷக் கட்-ஆஃபோடு ஒத்துப் பார்த்தால் கிண்டியில் எந்தப் பிரிவு வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அதுவரை ஒரு வேலை இருக்கிறது: ஓ.பி.சி. சான்றிதழ் இந்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கியதுதானா என்று பீரோவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.